யோகோஹாமா ஹோட்டல் நியூ கிராண்ட்: பழைய கட்டடத்தில் தங்கலாமா, டவரிலா?

பிப்ரவரி 18, கேள்வி

ஏப்ரலில் குடும்பத்தோடு டோக்கியோ போகிறோம். யோகோஹாமாவில் ஓர் இரவு தங்க யோசனை. ஹோட்டல் நியூ கிராண்ட் என்று 1927ல் கட்டியது ஒன்று இருக்கிறதாம். அதே காசுக்கு அங்கேயே துறைமுகத்தை ஒட்டிய மினாடோ மிராய் பக்கம் புத்தம்புது ஹோட்டலில் முப்பதாவது மாடி அறை கிடைக்கிறது. பழைய கட்டடம் என்றால் சின்ன அறை, சின்ன ஜன்னல். பேருக்காகக் கொடுக்கும் காசு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 18, மாலை

தங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். காவாசாகியில் குடியிருப்பதால் யோகோஹாமா எனக்குப் பக்கத்து ஊர். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது வழக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்த ஹோட்டலில் இரண்டு கட்டடங்கள் ஒட்டி நிற்கின்றன. ஒன்று 1927 டிசம்பர் 1ஆம் தேதி திறந்த பழைய கட்டடம். இன்னொன்று 1991ல் எழுப்பிய 18 மாடி டவர். டவரில் கடல் நன்றாகத் தெரியும், அறை பெரிது, குளியலறை புதிது. கடல்தான் வேண்டுமென்றால் டவரோ மினாடோ மிராயோ எதுவானாலும் சரி. ஆனால் நியூ கிராண்டில் தங்கினேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் பழைய கட்டடத்தில் தங்குங்கள்.

காரணம் அறை இல்லை, அந்தப் படிக்கட்டு. எதிரே உள்ள பூங்காவைப் பார்த்த வாசல் வழியாக நுழைந்ததும் நேரே மேலே ஏறும் அகலமான படிகள், நடுவில் நீலக் கம்பளம். ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு பழைய லிஃப்ட். கதவுக்கு மேலே எந்தத் தளத்தில் நிற்கிறது என்று முள் காட்டும் அரைவட்டம், அதற்கும் மேலே கியோட்டோவின் கவாஷிமா ஜின்பெய் நிறுவனம் நெய்த திரை. தேவமங்கையர் வாத்தியம் வாசிக்கும் காட்சி, அதன் மேல் ஒரு கடிகாரம். அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பினால் மாடி லாபி. கனமான மகோகனித் தூண்கள், உயரமான ஜன்னல்கள், செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய நாற்காலிகள். உட்கார்ந்தால் யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. இந்த லாபியில் மாலை ஒரு மணி நேரம், விடியற்காலையில் ஒரு மணி நேரம் உட்காரக் கிடைப்பதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு அங்கே உங்களைத் தவிர ஆள் இருக்காது. மதியம் வந்து எட்டிப்பார்க்கிறவருக்கு அது கிடைக்காது.

பிப்ரவரி 18, இரவு

வழி கேட்டிருந்தார் ஒருவர். டோக்கியோவின் ஷிபுயா நிலையத்தில் டோயோகோ லைன் வண்டி ஏறினால் அதுவே மினாடோ மிராய் லைனாக ஓடிக் கடைசி நிலையம் வரை போகும். அந்தக் கடைசி நிலையம் மோட்டோமாச்சி-சூகாகாய். முதலாம் எண் வாசலில் வெளியே வந்தால் ஹோட்டல் கண்ணெதிரே. பெட்டி இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

பிப்ரவரி 20

மேலே ஒரு நண்பர் "1873ல் திறந்து நூற்றைம்பது வருடம் ஆன ஹோட்டல்" என்று எழுதியிருக்கிறார். பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. 1873ல் திறந்தது வெறும் கிராண்ட் ஹோட்டல். கடற்கரைச் சாலையில் 20ஆம் எண் மனை. இன்று அங்கே பொம்மை அருங்காட்சியகம் நிற்கிறது. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் இறங்கித் தங்கிய இடம். 1923 செப்டம்பர் 1, பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் காண்டோ நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு வந்த தீயில் எரிந்துபோனது. மறுபடி எழவே இல்லை.

நியூ கிராண்ட் வேறு நிறுவனம். பெயரில் மட்டும்தான் பழையதன் ஞாபகம். யோகோஹாமா நகரம் அப்போது ஏறக்குறைய மொத்தமும் அழிந்திருந்தது. பட்டு வியாபாரம் கோபேக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வியாபாரிகள் திரும்பி வந்தாலும் தங்க இடம் இல்லை. ஒரு நல்ல ஹோட்டல் இல்லாமல் இந்தத் துறைமுகம் மறுபடி எழாது என்று நகர நிர்வாகமும் ஊர் வணிகர்களும் சேர்ந்து முடிவெடுத்துக் கட்டியது இது. எதிரே இருக்கும் யாமாஷிதா பூங்காவும் அதே கதைதான். இடிந்த வீடுகளின் செங்கல்லையும் கல்லையும் கடலில் கொட்டி மேடாக்கி, 1930 மார்ச்சில் பூங்காவாகத் திறந்தார்கள். காலையில் புல்வெளியில் குழந்தைகள் ஓடுகிற இடத்துக்கு அடியில் பழைய யோகோஹாமா கிடக்கிறது.

இது தெரிந்த பிறகு எனக்கு அந்த லாபியின் ஆடம்பரம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. எல்லாம் இழந்த ஊர், நான்கே வருடத்தில், மகோகனியும் கியோட்டோத் திரையுமாக ஒரு மாளிகை எழுப்பியிருக்கிறது. வருகிறவன் கண்ணுக்கு நாம் இன்னும் விழவில்லை என்று தெரியவேண்டும் என்ற வைராக்கியம் அது. கட்டடத்தின் வளைந்த மூலையில் வெளிப்பக்கம் 1927 என்று பொறித்திருக்கும். போகும்போது நிமிர்ந்து பாருங்கள், பலர் கவனிக்காமல் நுழைந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 21

கட்டடக் கலைஞர் யார் என்று கேட்டவருக்கு: வாதானாபே ஜின். கின்சா நாற்சந்தியில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் 1932ஆம் ஆண்டு ஹத்தோரி கட்டடம், இப்போது வாகோ கடை, அவர் வரைந்தது. உயேனோவில் தேசிய அருங்காட்சியகத்தின் முதன்மைக் கட்டடமும் அவருடைய வடிவமைப்பே. டோக்கியோ சுற்றிவிட்டு யோகோஹாமா வருகிறவர்கள் தெரியாமலே மூன்று இடத்தில் அவர் வாசலை மிதித்திருப்பார்கள்.

பிப்ரவரி 24

சாப்பாட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று நாலு பேர் கேட்டாகிவிட்டது. சரி.

ஜப்பானில் எந்த ஊர் காபிக் கடைக்குப் போனாலும் கிடைக்கும் மூன்று பண்டங்கள் இந்த ஹோட்டலின் அடுப்படியில் பிறந்தவை என்று சொல்வார்கள். முதலாவது டோரியா. ஹோட்டல் திறந்தபோது வந்த முதல் தலைமைச் சமையல்காரர் சாலி வைல், சுவிட்சர்லாந்துக்காரர். தங்கியிருந்த ஒரு வங்கிக்காரருக்கு உடம்பு சரியில்லை, தொண்டையில் சுலபமாக இறங்குகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாராம். வெண்ணெயில் கிளறிய சோற்றின் மேல் க்ரீமில் வேகவைத்த இறாலைப் பரப்பி, சீஸ் தூவி அடுப்பில் வைத்து மேலே பொன்னிறமாக்கிக் கொடுத்தார் வைல். காய்ச்சல்காரருக்கு ரசம் சோறு பிசைந்து கொடுக்கிற நமக்கு அந்த யோசனை புரியும், கைதான் வேறு.

இரண்டாவது நாபோலிதான் ஸ்பகெட்டி. போருக்குப் பிறகு ஹோட்டலை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டபோது, சிப்பாய்கள் வெந்த ஸ்பகெட்டியில் கெட்சப் ஊற்றிக் கிளறிச் சாப்பிடுவதை இரண்டாவது தலைமைச் சமையல்காரர் இரியே ஷிகெதாதா பார்த்தார். அதையே ஹோட்டல் தரத்துக்கு உயர்த்த நினைத்தார். தக்காளி, தக்காளி விழுது, பூண்டு, வெங்காயம் போட்டுக் குழம்பு காய்ச்சி, ஹாமும் காளானும் வதக்கிச் சேர்த்தார். இதில் கெட்சப் கிடையாது. ஸ்பகெட்டியை முக்கால் பதம் வேகவைத்து, சில மணி நேரம் ஆறவிட்டு, பரிமாறும் முன் வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். அதனால்தான் அது இத்தாலிய முறைபோல் விறைப்பாக இல்லாமல் மெத்தென்று இருக்கிறது.

மூன்றாவது புட்டிங் ஆ லா மோத். அமெரிக்க அதிகாரிகளின் மனைவிமாருக்காகச் செய்தது. கேரமல் புட்டிங்கோடு ஐஸ்க்ரீமும் அழகாக வெட்டிய பழங்களும், அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில்.

மூன்றையும் கீழ்த்தளத்துக் காபி ஹவுஸில் சாப்பிடலாம். அங்கே தங்காதவரும் போகலாம்.

சைவக்காரர்களுக்கு: டோரியாவில் இறால், நாபோலிதானில் ஹாம். புட்டிங்கில் முட்டை. என் அம்மா வந்தபோது ரொட்டி, வெண்ணெய், பழம், காபி என்று முடித்துக்கொண்டார், திருப்தியாகவே. "சாப்பாடு எங்கேயும் கிடைக்கும், இந்த மாதிரி நாற்காலி எங்கே கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு லாபியிலேயே உட்கார்ந்திருந்தார். தீவிர சைவம் என்றால் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஜப்பானில் எந்த ஹோட்டலானாலும் அன்றைக்குப் போய் நின்று கேட்பதை விட அதுதான் நல்லது.

பிப்ரவரி 24, இரவு

கெட்சப் நாபோலிதான்தான் அசல் என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். சண்டை வேண்டாம். யோகோஹாமாவிலேயே நோகே பக்கம் 1946ல் தொடங்கிய சென்டர் கிரில் என்ற கடையில் கெட்சப் போட்டதுதான் கொடுக்கிறார்கள், உலோகத் தட்டில். காலை நியூ கிராண்டில் கண் விழித்து, மதியம் அங்கே போய் அதையும் சாப்பிடுங்கள். ஊரைப் புரிந்துகொள்ள இரண்டும் வேண்டும்.

வைல் பற்றி ஒரு வார்த்தை விட்டுப்போனது. அதுவரை ஜப்பானிய ஹோட்டல்களில் சாப்பாடு என்றால் வரிசைப்படி வைக்கும் முழு விருந்துதான். உடுப்பிலும் கெடுபிடி. வைல் தன்னுடைய கிரில் அறையில் வேண்டியதை மட்டும் கேட்டுச் சாப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார், உடுப்புக் கெடுபிடியையும் தளர்த்தினார். அவரிடம் வேலை கற்ற பையன்கள் பின்னால் நாடு முழுக்கப் பெரிய அடுப்படிகளை நடத்தினார்கள். டோக்கியோ ஒகுரா ஹோட்டலின் சமையலறையை உருவாக்கிய ஓனோ மாசாகிச்சி அவர்களில் ஒருவர். ஒரு கட்டடத்தின் வரலாறு என்றால் சுவரைத்தான் பார்க்கிறோம். என்னைக் கேட்டால் இந்த ஹோட்டலின் பெரிய சொத்து அந்த அடுப்படிதான்.

பிப்ரவரி 25

போர் முடிந்ததும் ஜப்பானை ஆள வந்த அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது போலிருக்கிறது. மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

1937ல் புது மனைவியோடு மணிலா திரும்பும் வழியில் அவர் இங்கே தங்கியதாக ஹோட்டலின் வரலாறு சொல்கிறது. அடுத்து வந்தது 1945 ஆகஸ்ட் 30. பகல் இரண்டு மணி வாக்கில் ஆத்சுகி விமானத் தளத்தில் இறங்கி, பழைய கார்களின் வரிசையில் யோகோஹாமா வந்தார். வழி நெடுக ஜப்பானியச் சிப்பாய்கள் ஆயுதத்தோடு, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். அன்றிரவு தங்கியது 315ஆம் எண் அறை. அடுத்த நாள் மாலை இதே ஹோட்டலில்தான் ஜெனரல் வெயின்ரைட் அவரைப் பார்க்க வந்தார். பிலிப்பீன்ஸில் சரணடைந்து மூன்று வருடத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். எலும்பும் தோலுமாக, கைத்தடி ஊன்றி நடந்து வந்தார். செப்டம்பர் 2ஆம் தேதி மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டபோது மக்ஆர்தருக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார்.

முட்டைக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். மறுநாள் காலைச் சிற்றுண்டிக்கு மக்ஆர்தர் முட்டை கேட்டாராம். நேரமாகியும் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு முட்டை வந்தது. ஏன் என்று கேட்டால், ஊரெல்லாம் தேடியும் ஒன்றுதான் கிடைத்தது என்று பதில். ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள், தட்டில் கடைசியில் ஒரு முட்டை இருப்பது மட்டும் எல்லாக் கதையிலும் பொது.

315 இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. காசு கொடுத்தால் தங்கலாம்.

இன்னொன்று. அந்த ஹோட்டலிலிருந்து போன மக்ஆர்தர், டோக்கியோவில் தன் தலைமையகமாக எடுத்துக்கொண்டது அரண்மனைக்கு எதிரே உள்ள தாய்-இச்சி காப்பீட்டு நிறுவனத்தின் 1938ஆம் ஆண்டுக் கட்டடம். அதை வரைந்தவர்களில் முதன்மையானவரும் வாதானாபே ஜின்தான்! படுத்ததும் அவர் கட்டிய வீட்டில், ஆண்டதும் அவர் கட்டிய வீட்டில்.

பிப்ரவரி 27

முட்டைக் கதைக்கு நிறையச் சிரிப்பு வந்திருக்கிறது. சிரிக்கலாம். ஆனால் எழுதிவிட்டு இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், 1945 மே 29 காலை, பட்டப்பகலில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் யோகோஹாமாவின் மேல் தீக்குண்டு போட்டன. நகரின் நடுப்பகுதி எரிந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குள் அதே ஊர் இரண்டாம் முறை சாம்பலானது. அதில் தப்பி நின்ற கட்டடங்களில் இந்த ஹோட்டலும் ஒன்று. அந்த ஊரில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முட்டையைத் தேடி ஆள் அலைந்திருக்கிறான் என்றால், அது வந்திருப்பவனுக்குச் சொல்லாமல் சொன்ன செய்தி. தட்டில் இருந்த ஒற்றை முட்டையே ஊர் நிலைமையைச் சொல்லியிருக்கும். ஹோட்டலின் தலைவராக இருந்த நோமுரா யோசோ, கலைப்பொருள் வியாபாரம் செய்து உலகம் பார்த்தவர். அவர் வாசலில் நின்று ஜெனரலை வரவேற்று உள்ளே அழைத்துப்போனார். தோற்ற ஊரின் வீட்டுக்காரராக நின்று விருந்தோம்பியவர் என்று அவரை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இந்தக் கதையில் முக்கியமானவர் ஜெனரல் இல்லை, அவர்தான்.

1952ல்தான் ராணுவம் ஹோட்டலைத் திருப்பிக் கொடுத்தது.

மார்ச் 2

"ஜப்பானில் வரலாற்று ஹோட்டல் என்றால் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய இம்பீரியல் தானே, அதை விட்டுவிட்டு இது எதற்கு" என்று கேட்டவருக்கு.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரைட் டோக்கியோவில் கட்டிய அந்த இம்பீரியல் ஹோட்டலில் இன்று தூங்க முடியாது. 1923 செப்டம்பர் 1, அதன் திறப்பு விழா நாளிலேயே நிலநடுக்கம் வந்தது. பெரிய சேதம் இல்லாமல் நின்றது. நிலநடுக்கம் அசைக்காததை மனிதர்கள் 1960களின் கடைசியில் இடித்தார்கள். முன்வாசலும் லாபியும் மட்டும் இப்போது ஐச்சி மாகாணம் இனுயாமாவில் உள்ள மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம், அழகாக இருக்கிறது. ஆனால் அங்கே பெட்டியோடு வந்து இறங்குகிற ஆள் இல்லை. ஒகுராவின் லாபியையும் 2015ல் இடித்து, 2019ல் புதுக் கட்டடத்துக்குள் அதே மாதிரி செய்து வைத்தார்கள். நேர்த்தியான வேலை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம். ஹோட்டல் என்பது ஆள் வந்து படுத்து எழுந்து போகிற வீடு. படுக்கிற ஆள் நின்றுவிட்டால் பிறகு அது காட்சிப்பொருள்தான். ஆகவே இன்னும் அறைச் சாவி கொடுக்கிற பழைய ஹோட்டல்களில் போய்த் தங்குவதுதான் அவற்றைக் காப்பாற்றும் வழி என்று நினைக்கிறேன். நிக்கோ கனாயா 1873ல் தொடங்கியது. ஹகோனேயில் ஃபுஜியா 1878. நாராவில் நாரா ஹோட்டல் 1909, ஐன்ஸ்டைன் 1922ல் தங்கிப் பியானோ வாசித்த இடம். டோக்கியோ ஸ்டேஷன் ஹோட்டல் 1915ல் திறந்தது. 1945 குண்டுவீச்சில் கூரை எரிந்த அந்த நிலையக் கட்டடத்தைப் பழைய வடிவத்துக்கே மீட்டு, ஹோட்டலை 2012ல் மறுபடி திறந்தார்கள். நாரா ஹோட்டலையும் டோக்கியோ நிலையத்தையும் வடிவமைத்தவர் ஒருவரே, தாத்சுனோ கிங்கோ. நாராவுக்குப் போகிறவர்கள் அங்கே ஓர் இரவு தங்குங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என் தேர்வு நியூ கிராண்ட். நாராவில் ஹோட்டலுக்கு வெளியே பார்க்க ஆயிரம் வருடக் கோயில்கள் இருக்கின்றன, ஹோட்டல் இரண்டாம் பட்சம்தான். யோகோஹாமாவில் ஊரின் கதையே இந்த ஹோட்டலுக்குள் இருக்கிறது.

மார்ச் 3

318ஆம் எண் அறை கேட்டு வாங்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். எழுத்தாளர் ஓசராகி ஜிரோ பத்து வருடம் போல எழுதும் அறையாக வைத்திருந்தது அது. அவருடைய நினைவு அருங்காட்சியகம் பக்கத்துக் குன்றில், துறைமுகம் தெரியும் பூங்காவில் இருக்கிறது. மனிதர் பூனைப் பிரியர், அருங்காட்சியகத்தில் எங்கு திரும்பினாலும் பூனை.

அவருடைய எழுத்தைப் படித்தவராக இருந்தால் வாங்குங்கள். மற்றவர்களுக்கு என் அபிப்பிராயம்: பேர்போன அறைக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். பழைய கட்டடத்தில் பூங்காவைப் பார்த்த சாதாரண அறை போதும். ஜன்னலுக்கு வெளியே சாலையோர கிங்கோ மரங்கள், அதற்கப்பால் பூங்கா, அதற்கும் அப்பால் ஹிகாவா மாரு கப்பலின் கறுப்பு உடல். 1930ல் யோகோஹாமாவிலேயே கட்டிய கப்பல், சியாட்டில் வரை ஓடியது. 1932ல் சாப்ளின் ஜப்பானை விட்டுப் போனது அதில்தான், அவர் நியூ கிராண்டின் விருந்தினரும்கூட. போரில் மருத்துவக் கப்பலாக இருந்து தப்பி, 1961 முதல் இங்கேயே கட்டிக் கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம். ஹோட்டலும் கப்பலும் ஏறக்குறைய ஒரு வயதுக்காரர்கள், எதிரும் புதிருமாக நிற்கிறார்கள்.

மார்ச் 4

முன்பதிவு செய்வோர் கவனிக்க: ஒரு முன்பதிவுத் தளத்தில் என் தோழி "பழைய கட்டடம்" என்று படத்தைப் பார்த்துப் பதிந்தார். உறுதிக் கடிதத்தில் வந்தது டவர் அறை. படம் ஒன்று, அறை வகை இன்னொன்று. எந்த இணையதளமானாலும் அறை வகையில் எந்தக் கட்டடம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மார்ச் 9

இந்தியர் யாருக்காவது இந்த ஹோட்டலோடு தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஹோட்டலோடு என்று தேட வேண்டாம், வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்து பூங்காவுக்குள் நுழையுங்கள். அங்கே குவிமாடத்தோடு ஒரு சின்ன மண்டபம் நிற்கும். இந்திய நீர்க் கோபுரம் என்று பெயர், 1939ல் கட்டியது. நிலநடுக்கத்துக்கு முன்பே யோகோஹாமாவில் இந்திய வியாபாரிகள் இருந்தார்கள், முக்கியமாகப் பட்டுத் துணி வியாபாரம். இடிபாட்டில் பலர் செத்தார்கள், மிஞ்சியவர்கள் கோபேக்குப் போனார்கள். யோகோஹாமாக்காரர்கள் அவர்களைத் திரும்ப அழைத்து, தங்க வீடும் கடைக்கு இடமும் ஏற்பாடு செய்தார்கள். அந்த உதவிக்கு நன்றியாகவும் செத்துப்போன சொந்தங்களின் ஞாபகமாகவும் இந்தியர்கள் ஊருக்குக் கொடுத்தது இந்தத் தண்ணீர்ப் பந்தல். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், குவிமாடத்தின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்ன வண்ண ஓடுகளால் பதித்த வேலை. அம்மா கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பந்தல் வைப்பது எங்கே போனாலும் நம்மவருக்குத் தோன்றும் புண்ணியம் என்றார்.

தாகூர் 1916ல் வந்தபோது தங்கியது இதே ஊரில்தான், பட்டு வியாபாரி ஹாரா டோமிதாரோவின் சாங்கேயென் தோட்டத்தில். அது கடற்கரை ஓரமாகத் தெற்கே இருக்கிறது, பஸ்ஸில் போகலாம். அப்போது நியூ கிராண்ட் பிறக்கவே இல்லை. ஆனாலும் நீங்கள் ஒரு முழு நாள் ஒதுக்கினால் காலையில் சாங்கேயென், மதியம் சீனத் தெரு, மாலையில் நீர்க் கோபுரம், அப்புறம் லாபி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 10

நிலநடுக்க நாளில் செத்தவர்களுக்கு அஞ்சலி உண்டா என்று கேட்டவருக்கு: ஆம், செப்டம்பர் 1ல் நீர்க் கோபுரத்தில் அஞ்சலி நடப்பது உண்டு.

ஏப்ரல் 21

கேள்வி கேட்ட நண்பர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். டவரில்தான் தங்கினார்களாம், குழந்தைகள் கடலைப் பார்த்துக் குதித்தார்களாம். காலையில் அவர் மட்டும் எழுந்து பழைய கட்டடத்து லாபிக்குப் போய் உட்கார்ந்தாராம், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லையாம். அடுத்த முறை பழைய கட்டடம் என்று மனைவியிடம் சொல்லியாகிவிட்டது என்கிறார்.

படித்த பிறகு பிப்ரவரியில் நான் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். சின்னக் குழந்தைகள் இருந்தால் டவரே சௌகரியம். இரண்டு கட்டடத்துக்கும் உள்ளே வழி இருக்கிறது, எங்கே படுத்தாலும் லாபி உங்களுடையதுதான். அங்கே உட்காராமல் கிளம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான். இருவராகப் போகிறவர்களுக்கும் பெரியவர்களோடு போகிறவர்களுக்கும் பழைய கட்டடம்தான் என்பதில் மாற்றமில்லை.

ஏப்ரல் 23

எந்த மாதம் நல்லது என்று கேட்டவருக்கு: நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். கிங்கோ மரங்கள் மஞ்சளாகி ஜன்னல் நிறையும். டிசம்பர் 31 இரவுக்கு இடம் கிடைத்தால் விடாதீர்கள். பன்னிரண்டு அடித்ததும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து சங்கு ஊதும். அந்த இரவுக்கு அறைகள் மிகச் சீக்கிரம் போய்விடும், கோடையிலேயே விசாரித்து வையுங்கள்.